மேலே ஆள் இருக்குது

ஆனி 28

ஷீபா சொன்னதற்காகத்தான் இதைப் பேசுகிறேன். ஷீபா, டவுன் ஆஸ்பத்திரியில் எனக்கு நாக்குப் பழக்குகிற பொண்ணு. மாசி மாசம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டதில் கால் திரும்பி வந்துவிட்டது, கை பாதி வந்தது, நாக்கு இன்னும் முரண்டு பிடிக்கிறது. "ஐயா, தினம் நடந்ததைப் போன்கிட்டச் சொல்லுங்க, அது எழுதிக்கும்" என்றது. எழுதினதைப் படிக்க எனக்குத் தெரியாது. என்ன எழுதிக்கொள்கிறதோ அது அதன் பாடு. தேதி மட்டும் நான்தான் சொல்வேன், தமிழ்த் தேதி.

எழுத்துத் தெரிந்தவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துபோகலாம். எனக்கு அந்த வசதி கிடையாது.

பேர் சென்னியப்பன். கரண்ட் ஆபீசில் ஹெல்பராகச் சேர்ந்து ஹெல்பராகவே வெளியே வந்தவன். என் சம்சாரம் பாவாயி இந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இதைச் சொல்லும்போது மட்டும் நாக்கு இழுப்பதில்லை.

இன்று அவள் மூன்று கல்யாணம், ஒரு சாவு, ஒரு தண்ணீர்த் தொட்டித் திறப்பு முடித்துவிட்டுப் பொழுது சாய வந்தாள். வந்ததும் கதவைச் சாத்திவிட்டு இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டேன், இடக்கையால். இடது முட்டி என்பது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. வெளியே யார் முன்னாலும் அவள் கை ஊன்றி எழுந்தது கிடையாது. நாற்காலி நுனியிலேயே உட்காருவாள், வெடுக்கென்று எழ வசதியாக.

"முட்டி போனவள்னு தெரிஞ்சா அடுத்த எலெக்சன்ல சீட்டுக் கேட்டு வரிசை கட்டிருவாங்க மாமா. நல்லா அழுத்துங்" என்றாள்.

ஆனி 30

டெல்லியில் கரண்டுக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். சட்டம் கூட இல்லை, சட்டத்துக்கெல்லாம் தாய்ச் சட்டத்தையே திருத்துகிறார்களாம். அதனால் டெல்லி மட்டும் கை தூக்கினால் பத்தாது, பாதி மாநிலங்கள் 'ஆமாம்' என்று தீர்மானம் போட வேண்டும். நம்ம சட்டசபையிலும் அடுத்த மாசம் ஓட்டு.

இதையெல்லாம் பாவாயியின் உதவியாளர் திருமூர்த்தி வாசித்தார். தினமும் காலையில் அவள் கேழ்வரகுக் களி தின்னும்போது அவர் வாசிக்க வேண்டும், அது ஏற்பாடு. அவள் எட்டாவது வரை படித்தவள்தான். ஆனால் ஒரு காகிதத்தை அவள் கேட்கிற மாதிரி வக்கீல் கூடக் கேட்க மாட்டான். கண்ணை மூடிக்கொள்வாள். நடுவில், "நில்லுங், திரும்பப் படிங்" என்பாள்.

நான் புரிந்துகொண்டது இது. இதுவரைக்கும் கரண்டில் டெல்லிக்கும் பாத்தியம், மாநிலத்துக்கும் பாத்தியம். இனி டெல்லிக்கு மட்டும். கம்பத்தையும் கம்பியையும் அரசாங்கம் குத்தகைக்கு விடும். கரண்ட் விற்பது கம்பெனிகளின் வேலை, அரசாங்கம் விற்கக் கூடாது.

எனக்குக் களி இறங்கவில்லை. நான் நட்ட கம்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். சுண்டக்காம்பாளையம் பிரிவில் வளைந்து நிற்கும் கம்பம் வளைந்தது லாரி மோதி அல்ல, குழி தோண்டும்போதே பாறை வந்தது. அதையெல்லாம் குத்தகையா?

பாவாயி கோபப்படவே இல்லை. கேட்டது ஒன்றுதான். "எந்த வூட்டையும் விடக்கூடாதுன்னு எங்காச்சும் போட்டிருக்குதுங்களா?"

திருமூர்த்தி தேடினார். "எல்லா வீட்டுக்கும்னு இருக்குதுங்கம்மா. ஆனா அதுக்கு முன்னாடி 'இயன்ற வரை'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்காங்க."

"திரும்பப் படிங்" என்றாள்.

மூன்று தரம் படிக்கச் சொன்னாள். களி ஆறிவிட்டது.

ஆடி 1

பெருங்காற்று. எங்கேயோ கம்பி அறுந்து பொழுதுக்கும் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் கம்மி. நிறுத்துகிறேன்.

ஆடி 3

ஆறுக்குட்டி வந்திருந்தான், பத்துப் பதினைந்து பேரோடு. எல்லாம் கரண்ட் ஆபீசில் ஓய்வு பெற்றவர்கள், சங்கத்துக்காரர்கள். ஆறுக்குட்டி லைன்மேன், நான் அவனுக்கு ஹெல்பர். இருபத்தாறு வருசம் அவன் கம்பத்து மேலே, நான் கீழே.

"டேய் சென்னி, அம்மிணி எதுத்து ஓட்டுப் போடறதுக்கு நீதான் பொறுப்பு. கரண்ட்காரன் பொண்டாட்டிடா அது" என்றான்.

"அவ கரண்ட்காரன் பொண்டாட்டி இல்லடா, நான்தான் எம்.எல்.ஏ. புருசன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். என் நாக்கு குழறினதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள், பரவாயில்லை.

அப்புறம் பழைய பேச்சு. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் டிரான்ஸ்பார்மரில் ப்யூஸ் கட்டையை உருவித் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு ஏறுவான். கீழே நிற்கிற ஹெல்பர் கையில் கூடக் கொடுக்க மாட்டான். அவன் இறங்கி வந்து அவன் கையாலேயே மறுபடி சொருகினால்தான் கரண்ட். அதுவரைக்கும் ஹெல்பருக்கு ஒரே வேலை, டிரான்ஸ்பார்மர் பக்கம் யார் வந்தாலும் "மேலே ஆள் இருக்குது" என்று கத்த வேண்டும். கட்டை இல்லாவிட்டாலும் ஒரு துண்டுக் கம்பியை வளைத்து மாட்டிவிட்டால் கரண்ட் ஓடும், மேலே இருப்பவன் கருகிவிடுவான்.

எனக்குக் கல்யாணமான வருசம், ஒரு கரும்பாலைக்காரர் வந்தார். மோட்டார் நின்று கரும்புச்சாறு புளிக்கிறது, கம்பியை மாட்டு, ஒரு நிமிசம் என்றார். மேலே ஆள் இருக்குதுங் என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். விட்டார் ஒரு அறை. அப்படியும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆறுக்குட்டி மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். இறங்கி வந்து மடியை அவிழ்த்துக் கட்டையைச் சொருகிவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

இன்றைக்கும் அதைச் சொன்னான், எல்லார் முன்னாலும். சொல்லிவிட்டு, "அந்த ஆலைக்காரன் பேரனுங்க மாதிரி இப்பக் கம்பெனிக்காரன் வர்றான்" என்று முடித்தான். பாவாயி உள்ளிருந்து மோர் கொடுத்தனுப்பினாள். பிடி கொடுத்துப் பேசவில்லை.

ஆடி 5

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ரகோத்தமன் என்று பேர், நாற்பது வயசிருக்கும், பளிச்சென்ற சட்டை. பாவாயியே வரச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கூடவே உட்கார்ந்திருந்தேன், போகவில்லை.

பாவாயி அவரிடம் பால் கதை சொன்னாள். எதையும் அவள் பாலில் வைத்துத்தான் பார்ப்பாள். எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்னால் பத்தொன்பது வருசம் பால் சொசைட்டித் தலைவி.

"நம்மூருக்குத் தனியார் பால் வண்டி வந்தப்ப நான் சண்டைக்குப் போனனுங். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த வண்டி வந்த பொறகுதான் எங்க சொசைட்டிக்காரன் பால் டெஸ்டை ஒழுங்காப் பாத்தான். அதனால தனியார்னா பேய்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கோடையில பால் கம்மியாச்சு பாருங், வண்டி மேட்டுக் காட்டுக்கு வர்றதை நிறுத்திப்போட்டான். ஒரே ஒரு மாடு வெச்சிருக்கற கெழவி பால் தூக்கோட ரோட்டுல நின்னா. அவகிட்ட நாங்க வாங்கியே ஆகோணும், சொசைட்டி விதி அப்படி. உங்க கம்பெனி அந்தக் கெழவி வூட்டுக்குக் கரண்ட் குடுக்குமுங்களா?"

ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டம் கட்டாயம்னு சொன்னா கொடுப்போம்மா. கட்டாயம் இல்லேன்னா, நான் உண்மையைச் சொல்லணும், கொடுக்க மாட்டோம். எனக்கும் மேலே கணக்குக் கேக்கறவங்க இருக்காங்க."

நான் சண்டை வரும் என்று நினைத்தேன். பாவாயி எழுந்து, வெடுக்கென்றுதான் எழுந்தாள், உள்ளே போய் அவருக்கு இன்னொரு காபி போட்டு எடுத்துவந்தாள்.

அவர் போன பிறகு, "உண்மையப் பேசறவன் நம்ம கட்சியிலயே இல்ல மாமா" என்றாள். "அவன் கெட்டவன் இல்லீங். சட்டத்துல அந்த ஒத்த வார்த்தையத் தூக்கிட்டா அவனே மேட்டுக் காட்டுக்கு வருவான். நான் அதைத்தான் கேக்கப்போறேன்."

ஆறுக்குட்டிக்கு அந்தக் காபி விஷயம் அதற்குள் தெரிந்துவிட்டது. போனில் கத்தினான். நான் கேட்டுக்கொண்டேன்.

ஆடி 6

பாவாயியோடு தொம்பக்காட்டுக்குப் போனேன். மலையடிவாரம், முப்பது வீடு. நடுவில் ஓடைப் பள்ளம். மழைக்குப் பள்ளம் ஓடினால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. அங்கே பாலம் கட்ட வேண்டும் என்று பாவாயி நின்ற மூன்று எலெக்சனிலும் சொன்னாள். இரண்டில் தோற்றாள், மூன்றாவதில் ஜெயித்தாள். இப்போது தூண் நான்கும் நிற்கின்றன. மேலே தளம் போட வேண்டியது பாக்கி. அவள் வாராவாரம் வந்து பார்க்காவிட்டால் காண்டிராக்டர் கலவை மிஷினை வேறு வேலைக்கு எடுத்துப் போய்விடுவார்.

தொம்பக்காட்டில் கடைசிக் கம்பம் நான் நட்டது. அதற்கு அந்தப்பக்கம் ஒரே ஒரு வீடு, கருப்பாத்தாள் வீடு. ஒரு குண்டு பல்பு, ஒரு மிக்சி. முதல் முதலாக அந்த வீட்டில் பல்பு எரிந்தபோது கருப்பாத்தாள் அதற்குக் கற்பூரம் காட்டினாள், நான் பார்த்தேன். மின்வாரியம் அங்கே கம்பம் நட ஒன்பது வருசம் எடுத்துக்கொண்டது. அதையும் மறக்க மாட்டேன்.

பாவாயி அந்தக் கம்பத்தடியில் நின்று ஆபீசர் யாருக்கோ போன் போட்டாள். ஒரு பல்பு, ஒரு மிக்சிக்கு ஒரு வருசத்துக்கு என்ன வருமானம், இந்தக் கம்பி அறுந்தால் சரிபண்ண என்ன செலவு என்று விசாரித்தாள். பதில் வந்ததும் போனை மடித்து வைத்துவிட்டு, "இது 'இயன்ற வரை'யில வராது மாமா" என்றாள்.

திரும்பி வரும்போது தூணைத் தட்டிப் பார்த்தாள், மாட்டைத் தட்டுகிற மாதிரி. அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று போனில் சொல்ல எனக்கு வராது.

ஆடி 9

பொன்னுரங்கம் வந்தார். மாவட்டச் செயலாளர், பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ. ஊரே அவரை 'மாவட்டம்' என்றுதான் கூப்பிடும். பாவாயிக்கு முதல் சீட்டு வாங்கிக் கொடுத்தவர், அதை மறக்கக் கூடாது. மாம்பழக் கூடையோடு வந்தார்.

"அக்கா, டெல்லியோட கூட்டணி முடிஞ்சுபோச்சு. தீர்மானம் வருது, எல்லாரும் ஆதரிச்சு ஓட்டு. கொறடா உத்தரவு எழுத்துல வந்துருச்சுங்."

"அந்த 'இயன்ற வரை'யை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தனே தம்பி?"

"டெல்லியில பாஸானதுல நாம ஒரு புள்ளியக் கூட மாத்த முடியாதுக்கா. முழுங்கோணும், இல்லாட்டித் துப்போணும்."

"இப்ப முழுங்க வேண்டாம்னு வாயிலயே வெச்சிருக்கலாமில்ல? ஓட்டை ஒரு வருசம் தள்ளிப் போட்டா அவிய எறங்கி வருவாங்க. தேதி குறிச்சு யாரும் கேக்கலியே."

பொன்னுரங்கம் என்னைப் பார்த்தார். "மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்."

நான் மாம்பழத்தைப் பார்த்தேன்.

"அக்கா, உத்தரவ மீறினா எம்.எல்.ஏ. பதவி போயிரும். நான் நெனச்சாலும் காப்பாத்த முடியாது. இன்னும் ரெண்டரை வருசம் இருக்குதுங். உங்க பாலம்?"

"பாலந்தான்" என்றாள் பாவாயி. வாசல் வரைக்கும் போய் அவரை வழியனுப்பினாள்.

ஆடி 10

நான் சொல்லிவிட்டேன். எண்ணெய் தேய்க்கும்போது சொன்னேன். "புள்ளே, ஆமாம்னு எழுந்து நின்னுட்டு வந்துரு. நீ ஒருத்தி இல்லைன்னா தீர்மானம் நிக்கப் போறதில்ல. கம்பம் எவன்கிட்டயோ போகட்டும். பாலத்தப் பாரு."

காலை இழுத்துக்கொண்டாள்.

"கரண்ட் ஆபீசு உங்களுக்குத் தாய் வூடு மாதிரிம்பீங்க. அதையா உட்டுக்குடுக்கறீங்?"

"உனக்காகத்தான்."

"அது தெரியுதுங்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் காலை மறுபடி நீட்டினாள்.

ஆடி 11

பசுவுக்கு மடி வீக்கம், டாக்டர் வந்து ஊசி போட்டார்.

பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டேன். சும்மாதான். கோயமுத்தூரில் முட்டிக்கு நல்ல டாக்டர் யார் என்று விசாரிக்க. அவர் மாமியாருக்கு அங்கேதான் ஆபரேசன் நடந்தது. பேச்சோடு பேச்சாக, ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு எழவே முடிவதில்லை என்று சொன்னேன். எந்தக் கால் மச்சான் என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லதுங் மச்சான், நான் பாத்துக்கறேன்" என்றார். நாக்கு இன்று ஒரு தரம் கூடக் குழறவில்லை. ஷீபாவிடம் சொல்ல வேண்டும்.

ஆடி 13

பாவாயி மெட்ராஸுக்குப் போனாள். பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை. திருமூர்த்தி கூடப் போயிருக்கிறார். கிளம்பும்போது மாத்திரையைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். "எண்ணெய் தேய்க்க ஆளில்லை, அங்க நீயே தேச்சுக்க" என்றேன்.

"பசுவுக்கு ராவுல ஒருக்காப் பாருங். மடி சுடுதான்னு கை வெச்சுப் பாருங்" என்றாள். ஓட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆடி 14

மடி சுடவில்லை.

ஆடி 15

சட்டசபையை டிவியில் காட்டினார்கள். ஆறுக்குட்டியும் வந்து உட்கார்ந்துகொண்டான். காபிக்குக் கோபித்துக்கொண்டவன், கேட்காமலே வந்தான். அவன் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பாவாயிக்குப் பேச இரண்டு நிமிசம் கொடுத்தார்கள். ஆதரித்துப் பேசுவாள் என்று நினைத்துக் கொடுத்திருப்பார்கள். நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள், வெடுக்கென்று எழுந்தாள். கையில் காகிதம் இல்லை.

"பேரவைத் தலைவர் அவர்களே, கரண்டை அரசாங்கமே விக்கோணுமா, தனியார் விக்கலாமாங்கறதுல எனக்கு வீம்பு இல்லீங். ரெண்டு பேரும் இருந்தா ஒருத்தரப் பாத்து ஒருத்தர் ஒழுங்கா இருப்பாங்க, பால் யாவாரத்துல நான் பாத்திருக்கறேன். என் கேள்வி கடைசி வூட்டைப் பத்தி. அந்த வூட்டுக்கு யார் பொறுப்புன்னு தாய்ச் சட்டத்துல எழுதாம, 'இயன்ற வரை'ன்னு எழுதியிருக்குது. இயலாதுன்னு அவிய சொன்னா அந்த வூட்டுக்காரி எங்க போய் நிப்பா? முன்ன என் வூட்டு வாசலுக்கு வந்தா. இனி டெல்லிக்குப் போவாளா? அந்த வார்த்தையத் திருத்தற வரைக்கும் இந்த ஓட்டைத் தள்ளி வெக்கோணும்னு கேட்டுக்கறேன்."

உட்கார்ந்தாள். மேசையை யாரும் தட்டவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் தட்டப் பார்த்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், நிறுத்திக்கொண்டார்கள்.

ஓட்டு தள்ளிப் போகவில்லை. பகுதி பகுதியாக எண்ணினார்கள். பாவாயி உட்கார்ந்திருந்த பகுதி வந்தது. ஆதரிக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் பேரவைத் தலைவர். மொத்தமும் எழுந்தது. வேட்டியும் சட்டையுமாகச் சுவர் மாதிரி நின்றார்கள். அந்தச் சுவரில் ஒரு பொந்து மாதிரி ஒரு இடம். பாவாயி எழவில்லை.

ஆறுக்குட்டி என் தொடையைப் பிடித்தான்.

எண்ணி முடித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். பொன்னுரங்கம் அவளுக்குப் பக்கத்து இருக்கை. குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தன் முட்டியைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். டிவியில் நன்றாகவே தெரிந்தது.

எதிர்க்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் தலைவர்.

அவள் இந்தத் தடவை வெடுக்கென்று எழவில்லை. முன்னாலிருந்த மேசையை இரண்டு கையாலும் பிடித்தாள். வலது காலை ஊன்றினாள். இடது காலை இழுத்துக்கொண்டு, வீட்டில் எப்படி எழுவாளோ அப்படியே, ஊர் பார்க்க, நாடு பார்க்க எழுந்தாள். அந்தப் பகுதியில் அவள் ஒருத்திதான். மேசையை விட்டுவிட்டு நேராக நின்றாள்.

இருபத்தாறு வருசம் ஆறுக்குட்டி கம்பம் ஏறுவதை அண்ணாந்து பார்த்தவன் நான். அவ்வளவு உயரத்தில் ஒரு ஆளைப் பார்த்தது இன்றைக்குத்தான்.

தீர்மானம் நிறைவேறிவிட்டது.

ஆடி 16

போன் ஓயவில்லை. பொன்னுரங்கம் இரண்டு தரம் பேசினார். "மச்சான், இன்னும் வழியிருக்குதுங். ஆதரிக்கறதுக்குத்தான் எந்திரிக்கப் பாத்தாங்க, முட்டி வலியில சமயத்துக்கு எந்திரிக்க முடியல, எந்திரிக்கறதுக்குள்ள அடுத்த எண்ணிக்கை வந்துருச்சுன்னு ஒரு விளக்கம் குடுக்கச் சொல்லுங். டாக்டர் சர்டிபிகேட் நான் வாங்கறேன். தலைமை ஏத்துக்கும், நான் பேசிட்டேன்."

நல்ல மனுசர்.

அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆடி 17

ரயிலிறங்கி டவுன் பஸ்ஸில் வந்தாள். ஆறுக்குட்டி பஸ் நிறுத்தத்தில் சங்கத்து ஆட்களோடு துண்டு வைத்துக்கொண்டு நின்றான். "தோத்துட்டு வந்தவளுக்குத் துண்டு எதுக்குங் அண்ணா? கருப்பாத்தா வூட்டுக் கம்பி தொங்குதாம், அதைப் போய்ப் பாருங்" என்றாளாம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நிஜமாகவே தொம்பக்காட்டுக்குப் போய்விட்டான்.

வீட்டுக்குள் வந்ததும் முதலில் பசுவின் மடியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் வந்து உட்கார்ந்தாள். நான் எண்ணெய்ச் சட்டியை எடுத்தேன். பொன்னுரங்கம் சொன்ன விளக்கத்தைச் சொன்னேன்.

"தெரியுமுங். அங்கயே காதுல சொன்னார். 'இடது முட்டி வலின்னு ஒக்காந்தே இருந்துருங்கக்கா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்'னார்." எண்ணெயில் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். "வலதா இடதான்னு திருமூர்த்திக்குக் கூடத் தெரியாது மாமா."

எனக்கு நாக்கு வரவில்லை. ஷீபா சொல்லிக் கொடுத்த பயிற்சி ஒன்றும் உதவவில்லை.

"கல்யாணமான புதுசுல ஒரு நாள் கன்னம் வீங்கி வந்தீங். நான் அந்த ஆலைக்காரனத் திட்டினேன். நீங்க என்ன சொன்னீங்?"

எனக்கு ஞாபகமிருக்கிறது. எனக்கு எல்லாமே ஞாபகமிருக்கிறது.

"மேலே ஆள் இருக்கறப்ப, அவன் எறங்கி வர்ற வரைக்கும் கீழ யாரும் கை வெக்கக் கூடாது புள்ளேன்னீங். அவன் உசுரு அவன் மடியிலதான் இருக்கோணும்னீங்." குரலை உயர்த்தவே இல்லை. "நான் மேல இருந்தனுங் மாமா."

நான் எண்ணெய்ச் சட்டியைக் கீழே வைத்தேன்.

பிறகு அவளே காலை நீட்டினாள். "ஆறிப்போகும், தேயுங்" என்றாள். "பதவி போறதுக்கு இன்னும் நாள் இருக்குது. அதுக்குள்ள தளத்துக்குக் கம்பி கட்டிரச் சொல்லோணும். போனபொறகு நான் மறுபடி சொசைட்டித் தலைவிக்கு நிக்கறேன், டெஸ்ட் மறுபடி மோசமாயிருச்சாம்."

பொன்னுரங்கத்துக்கு அவளே போன் போட்டு, முட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

ஆடி 18

பதினெட்டாம் பெருக்கு. காவிரிக்குப் போனோம். படித்துறை கொள்ளாத கூட்டம். தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போனது. பாவாயி படியில் உட்கார்ந்து பூவும் காதோலைக் கருகமணியும் விட்டாள். தொகுதி ஜனமெல்லாம் சுற்றி நின்று பார்த்தது. பொம்பளைகள் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். எதிர்க்கட்சி ஆள் ஒருவன் போன் தூக்கிப் படம் எடுத்தான்.

எழ வேண்டிய நேரம் வந்தது. நுனியில் உட்கார மறந்துவிட்டாள் போலிருக்கிறது. ஈரப்படி வேறு. நான் கூட்டத்தைப் பார்த்தேன், சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி மறைவாக முட்டுக் கொடுக்கலாமா என்று. கை நீட்டவில்லை. கேட்காமல் நீட்டக் கூடாது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"மாமா, இடது முட்டி வலிக்குது. தோள் குடுங்."

குனிந்தேன். என் வலத்தோளைப் பிடித்தாள். அந்தப் பக்கம் எனக்குப் பாதிதான் வேலை செய்யும். இரண்டு பேருமாக ஒரு ஆட்டம் ஆடி, ஒரு படி வழுக்கி, நின்றுவிட்டோம்.